முப்பது அண்ணிகள்

அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். தலை மறைந்ததும் ஜோசியக்காரி. அது அவளுக்கும் தெரியும், அதில் வருத்தமும் இல்லை. செய்கிற வேலை அப்படி. இன்னும் ஒரு தூண்கூட நடாத ரயில் பாதையில், பத்து வருடம் கழித்து எந்த நிலையத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை பேர் இறங்குவார்கள் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். அவள் சொல்கிற எண்ணை வைத்துத்தான் பணம் வரும். பாதியை அரசாங்கம் தரும். நிலையங்களை ஒட்டிய மனைகள் மேல் வரி போட்டு நகரசபை கொஞ்சம் தரும். மீதி கடன். கடன் கொடுக்கிற வங்கிக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆள் வருமா?

அந்தக் கேள்வியைக் கேட்க வங்கி ஒருவரை அனுப்பியிருந்தது. அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் மாப்பிள்ளை. அவர் எது கேட்டாலும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், அவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் மாடி முழுக்க முகங்கள் சுருங்கின. வேறு என்ன பெயர் வைப்பது? உண்மையில் அவர் நல்ல மனிதர். சின்ன வயது, மெதுவான பேச்சு. என்ன, எதையும் நம்பமாட்டார். நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இப்போது நீட்டப்போகிற பாதை நகரத்தின் கிழக்குக் கோடி வரை போகிறது. கடைசி நிலையத்துக்கு முன்னால் பெரிய சதுப்பு நிலம். அதில் தூண் இறக்க வேண்டுமானால் பூமிக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு நிலையத்துக்கு ஆகிற செலவில் வேறு இடத்தில் மூன்று நிலையம் கட்டிவிடலாம். தலைமைப் பொறியாளருக்கு அது தொண்டையில் சிக்கிய முள். வெட்டித் தள்ளிவிட்டால் நிம்மதி என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லிப் பார்த்தார். ஆனால் ஜோசியக்காரியின் கணக்கில், வங்கி கேட்ட ஆள் எண்ணிக்கையைக் கடைசி நிலையம் மயிரிழையில் தாண்டி நின்றது. அந்த மயிரிழையில் நிலையம் உயிரோடு இருந்தது.

அந்த நிலையம் வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவளுடைய அண்ணி தனியாக இருக்கிறாள்.

அங்கே வீடு வாங்கச் சொன்னதே ஜோசியக்காரிதான். ரயில் வரப்போகிறது, விலை ஏறிவிடும், இப்போதே வாங்கிப் போடு என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். ரயில் ஆபீஸிலேயே வேலை பார்க்கிற தங்கை சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அண்ணன் நம்பினான். ரயில் வருவதற்கு முன்னால் அவனுக்கு மாரடைப்பு வந்தது. பிள்ளை குட்டி இல்லை. அண்ணி அந்தக் கோடியில், இவள் இந்தக் கோடியில். இவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று கூடி வரவேயில்லை, அதைப் பற்றிக் கேட்கிறவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து இப்போது யாருமில்லை.

அண்ணன் போன புதிதில் ஒன்றிரண்டு தடவை அங்கே போனாள். அண்ணி அழுதால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே போனாள். அண்ணி அழவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தவன் ஒருவன்தான், அவனும் இல்லை. பேச்சு தீர்ந்துபோய் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு போவது நின்றது. நாத்தனார் சண்டை என்றால்கூட ஊர் வாய்க்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். சண்டையே இல்லை. சும்மா போகவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி போனில் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்ததும், எப்போது வருவாய் என்று கேட்பாள். இவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"மூணு பஸ் மாறணும் அண்ணி. ரயில் வரட்டும், அப்புறம் பாருங்க, வாரா வாரம் வந்து நிப்பேன்."

இது சாக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கௌரவமான சாக்கு. அரசாங்கம், நகரசபை, வங்கி மூன்றும் சேர்ந்து தாங்கிப் பிடித்த சாக்கு. அண்ணி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ரயில் ஏன் இத்தனை வருடமாக வரவில்லை என்று கேட்டாள். ஆள் எண்ணிக்கை போதவில்லை, கணக்கில் ஆள் காட்டினால்தான் பணம் கொடுப்பார்கள் என்று இவள் விளக்கினாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான், ஆனால் அப்போது அது தெரியவில்லை.

அண்ணிக்கு இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்த பிறகு பஸ் படி ஏற முடியாது. ரயிலில் அப்படியில்லை, பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டம், வீட்டு வாசல் தாண்டுகிற மாதிரி உள்ளே போய்விடலாம் என்று இவள் சொல்லியிருந்தாள். அண்ணிக்கு இருந்த ஒரே பயம் எஸ்கலேட்டர். "அந்த ஓடற படியில எந்தக் கால முதல்ல வெக்கணும்?" என்று எல்லா வாரமும் கேட்பாள். நல்ல காலை வையுங்கள் என்று இவள் சொல்லுவாள். அடுத்த வாரம் அண்ணி மறுபடியும் கேட்பாள்.

ஆள் எண்ணுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நகரத்தில் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. அங்கங்கே ஒரு கட்டடத்தைக் குலுக்கலில் எடுத்து, அதில் இருக்கிற எல்லோரையும் கேட்பார்கள்: நேற்று எங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள்? அந்த ஒரு கட்டடம் சுற்றியுள்ள முப்பது கட்டடங்களுக்காகப் பதில் சொல்கிறது. அதில் ஒருவர் கடைக்குப் போனார் என்றால் கணக்கில் முப்பது பேர் கடைக்குப் போனார்கள். பதில்கள் எல்லாம் வந்ததும் நகரத்தின் படத்தில் கோடு போடுவார்கள். இங்கிருந்து அங்கே கொஞ்சம் பேர் போனால் மெல்லிய கோடு, நிறையப் பேர் போனால் பட்டைக் கோடு. இந்தத் தொழிலில் அதற்கு விருப்பக் கோடு என்று பெயர்.

கிழக்குக் கோடியிலிருந்து புறப்பட்டு, சதுப்பு நிலத்தைத் தாண்டி, சந்தைப் பக்கமோ அலுவலகங்கள் பக்கமோ திரும்பாமல், நகரத்தின் குறுக்கே நேராக ஒரு பட்டைக் கோடு வந்து அவள் குடியிருக்கிற தெருவில் முட்டி நின்றது.

அதை முதலில் பார்த்தது அவள்தான். மாப்பிள்ளை வருவதற்கு வெகுநாள் முன்பே பார்த்துவிட்டாள். தினமும் ஆயிரத்துச் சொச்சம் பேர், எல்லோரும் கிழக்குக் கோடியிலிருந்து, எல்லோரும் அவள் தெருவுக்கு, காரணம் எல்லோருக்கும் ஒன்றே: உறவினரைப் பார்க்க. பார்த்த உடனேயே இது தப்பு என்று தெரிந்தது. யார் வேலையாக இருக்கும் என்றும் அடிமனதில் தெரிந்தது. இருபது வருட அனுபவத்தில் இதைவிடச் சின்னத் தப்பையெல்லாம் பூச்சி பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எறிந்தவள், இதை மட்டும் தொடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று படத்தை மூடினாள். மறுநாளும் அப்படியே மூடினாள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனையில் அவள் நடை மெதுவாகும். இந்நேரம் எங்கிருந்தோ வந்து இறங்கி, இந்த வழியாக நடந்து, யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஆயிரம் பேர் வந்துபோகிற தெருவில் தானும் ஒருத்தி. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கதவைத் திறந்து விளக்கைப் போடும்வரை அது அவளுக்குத் துணையாக இருந்தது.

மாப்பிள்ளை வந்தார். படத்தை விரித்தார். விரல் நேராக அந்தக் கோட்டில் போய் உட்கார்ந்தது.

சந்தை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, கல்லூரி இல்லை. ஒரு சாதாரணத் தெருவுக்கு எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டார். தலைமைப் பொறியாளர் அவளைப் பார்த்தார். அவள் படத்தைப் பார்த்தாள். ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாமே என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னால் அப்புறம் மறுபேச்சு ஏது? வண்டி வாசலுக்கு வந்தது.

அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது வண்டியில் இருந்த யாருக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. இப்போது தானாகச் சொன்னால் குட்டு உடைந்தமாதிரி இருக்கும், சொல்லாவிட்டால் திருட்டு மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெருவில் இறங்கி நடந்தார்கள். மோட்டார் ரிப்பேர் கடையில் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூடிப்போன டிரைவிங் ஸ்கூலின் பலகை ஒரு பக்க ஆணியில் தொங்கியது. இரண்டு பக்கமும் நாலு மாடிக் குடியிருப்புகள், பூட்டின கதவுகள். மாப்பிள்ளை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். எதிரே வந்தது ஒரு நாய் மட்டும்தான், அதுவும் இவர்களைக் கண்டுகொள்ளாமல் போனது. மூன்றாவது கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரே ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. அது அவளுடைய புடவை. இவர்கள் யாரும் அண்ணாந்து பார்த்துவிடக் கூடாதே என்று தவித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாந்து பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்தது முனைக் கடைக்காரர். பாவம், அவர் நல்ல மனதோடுதான் குரல் கொடுத்தார்.

"என்ன மேடம், இன்னிக்கு வெளிச்சத்திலயே வந்துட்டீங்க?"

தலைமைப் பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இங்கயா குடியிருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. இந்தத் தெருவுக்கு யாரு வராங்க?"

"யாரும் வரதில்ல," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொந்தத் தெருவில், வெயிலில், வங்கிக்காரருக்குப் பதிலாக அதைச் சொல்ல வேண்டி வந்தது. மாப்பிள்ளை, தான் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புவதற்குள் இந்தக் கோட்டுக்கு விளக்கம் வேண்டும் என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனால் அதிகாரியே தன் தெருவுக்கு ஆளை அடுக்கிக் கணக்குக் காட்டியிருக்கிறாள் என்று நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த கையோடு அவளே அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி பதறிப்போய், உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றுமில்லை, போன வருடம் சர்வே எடுக்க யாராவது உங்கள் கட்டடத்துக்கு வந்தார்களா என்று இவள் கேட்டாள்.

"வந்தாங்களே! ஒரு பொண்ணு வந்தா. வெயில்ல முகமெல்லாம் செவந்து போயி. தண்ணி குடுத்தேன்." அண்ணியின் குரலில் ஒரு பெருமை. "எங்க போறீங்க, எதுக்குப் போறீங்கன்னு கேட்டா. எங்கயும் போறதில்லன்னு சொன்னா ரயில் எப்படி வரும்? நீதான சொன்ன, ஆள் காட்டணும்னு. தினம் என் நாத்தனார் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டேன்."

"மத்தவங்க அண்ணி?"

"அவங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். இங்க யாரு எங்க போறா? எல்லாம் என்ன மாதிரிதான், முழங்கால், மூச்சு, சுகர். ஒருத்தருக்கும் டவுன்ல விலாசம் தெரியல. எனக்குத் தெரிஞ்சது உன் தெரு ஒண்ணுதான். அதையே குடுத்துட்டேன். கீழ்வீட்டு டெய்லருக்கு மனப்பாடம் ஆகவே இல்ல, கையில எழுதி வெச்சுக்கிட்டாரு."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆயிற்று. கணக்கில் ஒரு ஆள் முப்பது ஆள். தினமும் முப்பது அண்ணிகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்து, இவள் கதவைத் தட்டி, திறக்க ஆளில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அது பொய்யல்லவா என்று கேட்டாள். அண்ணி யோசித்தாள்.

"எது பொய்? ரயில் இருந்தா தினம் வரத்தான போறேன்."

நேற்று எங்கே போனீர்கள் என்றுதான் சர்வே கேட்கும். வண்டி இருந்தால் எங்கே போயிருப்பீர்கள் என்று அது யாரையும் கேட்டதில்லை. போக வழியில்லாமல் வீட்டிலேயே கிடப்பவர்களுக்குக் கோடு கிடையாது. கோடு இல்லாத இடத்துக்கு ரயில் வராது, ரயில் வராததால் அவர்கள் எங்கும் போகமாட்டார்கள். இத்தனை வருடம் இந்த வட்டத்தை அவளே கை வலிக்க வலிக்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளையிடம் போய் நின்றாள். ஒளிக்காமல் சொன்னாள்: அந்தக் கட்டடத்தில் இருப்பது என் அண்ணி, சொல்லிக் கொடுத்தது அவர், எனக்கு முன்னாலேயே சந்தேகம் வந்தது, நான் பேசாமல் இருந்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் நாற்காலியில் நெளிந்தார். இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவர வேண்டாமே என்று இழுத்தார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்படியானால் கணக்கைச் சரிசெய்துவிடுங்கள் என்றார்.

அவள் ஒரே ஒரு தடவை முட்டிப் பார்த்தாள்.

"வண்டி இல்லாததால போகாம இருக்கறவங்க இருக்காங்களே. அவங்கள எந்தக் கணக்குல சேக்கறது?"

"போகாதவங்களுக்கு டிக்கெட் விக்க முடியாதே மேடம்," என்றார் அவர். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மதியம் அவள் இருக்கையில் உட்காரப் பிடிக்காமல் வெளியே போனாள். பழைய பாதையில் அவள் கணித்த நிலையம் ஒன்று இருக்கிறது. முதல் பாதைக்கு ஜோசியம் சொன்ன காலத்தில், இளரத்தத்தில், கொஞ்சம் தாராளமாக ஆள் போட்டுவிட்டாள். நிலையம் பளபளவென்று எழும்பியது. ஆள்தான் வரவில்லை. அதற்கு வாங்கிய கடனை அடைக்க டிக்கெட் விலையை ஏற்றினார்கள். ஏற்றியதும் இருக்கிற ஆளும் குறைந்தது. அங்கே போய் இறங்கினாள். நடைமேடையில் துடைப்பம் வைத்திருந்த ஒரு பெண்ணைத் தவிர யாருமில்லை. எஸ்கலேட்டர் மட்டும் யாரையும் ஏற்றாமல் தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. சதுப்பு நிலத்துக்கு அப்பால் இன்னொன்று இப்படி நிற்கும், அதன் கடனைக் காலையில் வேலைக்கு ஓடுகிற யார் யாரோ டிக்கெட்டில் கட்டுவார்கள். அண்ணியின் ஒரு பொய்க்கு முப்பது மடங்கு மதிப்பு என்றால், ஜோசியக்காரியின் பொய்க்கு ஊரே தெண்டம் கட்ட வேண்டும்.

சாயங்காலம் அந்தக் கட்டடத்தின் பதில்களைக் கணக்கிலிருந்து எடுத்தாள். பட்டைக் கோடு மறைந்தது. கடைசி நிலையம் அளவுக்குக் கீழே விழுந்தது. தலைமைப் பொறியாளர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, நல்ல முடிவு, நமக்கும் செலவு மிச்சம் என்றார். எல்லோரும் சீக்கிரமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். செய்தது சரிதான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோடு மறைந்த அந்தக் கணத்தில் மனதின் ஏதோ ஒரு மூலையில் 'அப்பாடா' என்று இருந்தது. ரயில் வராது. வாரா வாரம் போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். சாக்கு இனிமேல் ஆயுசுக்கும் செல்லும். நியாயத்துக்காக எடுத்தோமா, இதற்காக எடுத்தோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் தெரியவில்லை. அவ்வளவு கேவலமாக அவள் தன்னை உணர்ந்தது கிடையாது.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், இதைக்கூட நேரில் போய்ச் சொல்லாவிட்டால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. குளித்தாள், புடவை மாற்றினாள், கிளம்பிவிட்டாள்.

முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டாவதில் ஜன்னலோரமே கிடைத்தது. மூன்றாவது சதுப்பு நிலத்தின் கரையோடு போனது. பச்சை நாணலும் நடுவில் அசையாத தண்ணீரும், ஒற்றைக்காலில் நிற்கிற வெள்ளைப் பறவைகளும். தூண்கள் எங்கெங்கே வரும் என்று படத்தில் ஆயிரம் தடவை பார்த்த இடம். இனிமேல் இங்கே பறவைகள் மட்டும்தான். கண்டக்டர் இறங்கும் இடத்தைச் சொல்லிக் குரல் கொடுத்தபோது, அதற்குள்ளாகவா என்று இருந்தது அவளுக்கு.

கட்டடத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று சொன்னதும் எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள், முழங்கால் இடம் கொடுத்தவர்கள் எழுந்தார்கள். ரயில் ஆபீஸ் நாத்தனார்! கீழ்வீட்டு டெய்லர் அவள் தெருவின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினார். இப்போது மனப்பாடம் ஆகிவிட்டதாம். ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கணக்குப்படி நாங்க தினம் உங்க தெருவுக்கு வந்துட்டுப் போறோம். அது எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. மரம் இருக்கா?"

"இருக்கு," என்றாள். ஒரு மரம்கூட இல்லை. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கணக்கிலிருந்து எடுத்த பொய்யை வாசலில் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

அண்ணி கதவுக்குள் நின்றிருந்தாள். நினைவில் இருந்ததைவிடச் சிறுத்துப்போயிருந்தாள். சுவரைப் பிடித்தபடி இவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே தவிர, வா என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. அப்புறம் சட்டென்று சுதாரித்து, அண்ணன் உட்காருகிற நாற்காலியின் மேல் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். கட்டிலடியில், பெட்டியோடு, ஒரு ஜோடி புதுச் செருப்பு இருந்தது. அடியில் ரப்பர் பட்டை போட்ட, வழுக்காத செருப்பு. எதற்கு வாங்கியது என்று கேட்க அவசியமில்லை.

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். மின்விசிறி சுற்றியது.

"ரயில் வராது அண்ணி," என்றாள். "உங்க கட்டடத்துக் கணக்க நான்தான் எடுத்துட்டேன்."

அண்ணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ எடுக்கலன்னா?"

"வந்திருக்கும்."

இவள் கடன், வரி, டிக்கெட் விலை, ஆளில்லாத நிலையம் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டு போனாள். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஊரான் வீட்டுப் பணம், நீ செய்தது சரிதான் என்றாள். அப்புறம் லேசாகச் சிரித்தாள்.

"ஓடற படியில எந்தக் காலுங்கற கவல விட்டுது."

இவளும் சிரிக்க முயன்றாள். அண்ணி தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் மெல்ல நடந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஆமா, நீ எப்படி வந்த?"

"பஸ்லதான்."

"உக்கார இடம் கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணி. ஞாயித்துக்கெழம கூட்டமே இல்ல. ஏறினதும் தெரியல, எறங்கினதும் தெரியல."

சொல்லி முடித்தபோது சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அண்ணி குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவள் பிழைத்திருப்பாள்.

"அந்த பஸ் எப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு," என்றாள் அண்ணி.

அரசாங்கமும் நகரசபையும் வங்கியும் இப்போது இவளுக்குப் பக்கத்தில் இல்லை. அண்ணனுடைய நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி சாப்பாடு போட்டாள், இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்றாள், ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டது என்று காட்டினாள். இவள் அதை மாட்டிக் கொடுத்தாள். வெயில் இறங்கும்போது, இருட்டுவதற்குள் கிளம்பு என்றும் அண்ணியே சொன்னாள்.

பஸ் நிறுத்தம் வரை அண்ணி கூட வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். சும்மா வைத்திருந்து என்ன பிரயோசனம் என்றாள். நாலு அடிக்கு ஒருதரம் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தாள். பஸ் வந்து நின்றது. முதல் படி முழங்கால் உயரம் இருந்தது. அண்ணி அதை ஒருதரம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

இவள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியிலிருந்தே குனிந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரேன் அண்ணி."

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். புண்படுத்த வேண்டும் என்று எண்ணமில்லை அந்தப் பார்வையில். வீட்டுக்கு வந்தவளைச் சங்கடப்படுத்தாமல் வழியனுப்புகிற கரிசனம்தான் இருந்தது.

"எதுக்கு அலைச்சல்? ரயில் வரட்டும்," என்றாள்.

பஸ் கிளம்பியது. உள்ளே எல்லா இருக்கையும் காலியாகத்தான் இருந்தது. சதுப்பு நிலம் முடிகிறவரைக்கும் அவள் உட்காரவில்லை.